மச்சுல வச்ச ஷூ

— மோந்து பாருங்கோ அத்தான். கிட்ட வச்சு மோந்து பாருங்கோ.

— ஏட்டி பிரியா, ஒரு வாய் சாயா கூட குடிக்கல்ல. அதுக்குள்ள மூக்குல ஷூவக் கொண்டு தேய்க்கியே!

— வேர்வ நாத்தம் வருகா, இல்லியா? பழைய நாத்தம் இல்ல. இன்னைக்கு உள்ளது. உள்ள இன்னும் ஈரம் காயல்ல.

— ஷூவுன்னா நாறத்தான் செய்யும். தோவாளப் பிச்சிப்பூ மாதிரியா மணக்கும்?

— எனக்குச் சிரிப்பு வரல்ல. அடியப் பாருங்கோ. வயக்காட்டுச் சானல் கரைச் சேறு. கைய வச்சா ஒட்டுகு.

— ராத்திரி தூத்தல் மழ போட்டுதுல்லா.

— மச்சுக்குள்ளயா தூத்தல் போட்டுது? இந்த ஷூவ நான் சாக்குல போட்டு, வாயக் கட்டி, மச்சுல பெரிய உருளிக்குப் பின்னால வச்சேன். டாக்டரு உங்கள ஓடக்கூடாதுன்னு சொன்ன அன்னைக்கே வச்சேன். இன்னைக்கு உங்களுக்க ஸ்கூட்டரு டிக்கிக்குள்ள கெடக்கு. அது தானா எறங்கி வந்துதா?

— நீ எதுக்கு எனக்க டிக்கியத் தொறந்த?

— பாத்தியளா! கேட்டதுக்குப் பதில் இல்ல. நான் தொறந்ததாக்கும் குத்தம்.

— பைய பேசு. அபி குளிக்கா. பிள்ளைக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். அவ தலையில கைய வச்சாக்கும் சத்தியம் பண்ணுனியோ, இனி ஓடவே மாட்டேன்னு. இப்பம் என்னண்ணா, பிள்ளைய டியூஷனுக்குக் கொண்டு விடுகேன்னு சொல்லி வெளுக்கதுக்கு முன்ன எறங்குகியோ. அவ அங்க இருந்து கணக்குப் போடுக நேரத்துல நீங்க சானல் கரையில ஓடுகியோ. உள்ளதச் சொல்லுங்கோ.

— நான் ஓடல்ல.

— ஓடல்ல?

— ஓடல்ல பிரியா. இந்தக் கால வச்சிட்டு நடக்கதே பாடு, கேட்டியா. முத்தத்துல எறங்கணும்னா சுவரப் பிடிக்கேன். ஓடுகவன் காலா இது?

— காட்டுங்கோ. வேட்டியத் தூக்குங்கோ.

— இன்னா. நல்லா பாரு.

— வீக்கம் வத்தியிருக்கே.

— அதத்தான் சொல்லுகேன். ஓடுனா வத்துமா?

— ஐஸு வச்சிருப்பியோ. டிக்கிக்குள்ள வலிக்கு அடிக்க ஸ்பிரே கெடந்துது. மட்டிப்பழத் தொலி கெடந்துது. ஒரு ஈரத் துண்டும் கெடந்துது. ஓடாத மனுசனுக்கு வெளுக்கதுக்கு முன்ன எதுக்கு மட்டிப்பழம்?

— பசிச்சா ஒரு பழம் தின்னக்கூடாதா? அதுக்கும் உங்கிட்ட அனுமதி கேக்கணுமா?

— இது என்னது? ரெண்டு சாக்ஸு. ஒண்ணுக்கு மேல ஒண்ணு. கழத்துனபடியே சேந்து கெடக்கு. ஒரு காலுக்கு ரெண்டு சாக்ஸு எதுக்கு?

— அது... கால் எல்லுல கீறல் உண்டும்லா. மெத்துன்னு இருக்கட்டும்னு.

— அப்பம் போட்டியோ!

— போட்டுப் பாத்தேன். போட்டு நின்னு பாத்தேன். அம்புட்டுதான்.

— ஷூவப் போட்டு நிக்கதுக்குச் சானல் கரைக்குப் போகணுமா? நம்ம முத்தம் போராதா?

— சானல் கரைன்னு ஆரு சொன்னா உனக்கு?

— சகாயசெல்வி சொன்னா.

— மீன்காரியா?

— ஆமா. நேத்து நெத்திலி அள்ளிப் போட்டுட்டே கேக்கா, 'அண்ணாச்சிக்கு வண்டி கேடாக்கா?'ன்னு. ஏன்னு கேட்டேன். 'மணக்குடியிலருந்து ஆட்டோவுல வருகேன், இருட்டு விலகல்ல, பாலத்துலருந்து பாத்தா அண்ணாச்சி சானல் கரையில ஸ்கூட்டரு லைட்டப் போட்டுட்டு ஊர்ந்து ஊர்ந்து போறாரு. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல்ல'ன்னா.

— பெட்ரோல் தீந்து போச்சு அன்னைக்கு.

— பெட்ரோல் தீந்தா வண்டி ஊர்ந்து போவுமா? கேக்கவ மண்டூகம்னு நெனச்சியளா?

— சவத்த விடு பிரியா. அவ இருட்டுல எதையோ கண்டா, எதையோ சொன்னா.

— விட மாட்டேன். முதல்ல ஏதோ பொம்பள சவகாசம்னு நெனச்சேன். உள்ளதச் சொல்லுகேன், ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்துது.

— சந்தோஷமா?

— ஆமா. பொம்பளன்னா அவ வீட்டு வாசல்ல போயி நிப்பேன். முடியப் பிடிச்சு ரோட்டுக்கு இழுப்பேன். ஊரு எனக்கூட நிக்கும். இந்த எளவு ஓட்டத்துக்கு எந்த முடியப் பிடிக்க?

— தொடங்கி வச்சது நீதான?

— என்னது?

— நீதான நேந்த? அபிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கெடக்கும்பம், பிள்ள பொழச்சு வந்தா எனக்க மாப்பிள சிவாலயம் ஓடுவாருன்னு நேந்தது நீ. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? தெருமுக்குல சீனி வாங்கணும்னாலும் வண்டியில போனவன் நான். தொப்பய வச்சிட்டு உரக்கடை ஸ்டூலுல இருந்தவன்.

— நான் நேந்தது ஒரே ஒரு சிவராத்திரிக்கு. திருமலையில தொடங்கி நட்டாலத்துல முடியுக ஓட்டம். பன்னெண்டு சிவன் கோயிலு. காவி வேட்டி, கையில ஓலை விசிறி, 'கோவிந்தா கோபாலா'ன்னு வெறுங்காலுல ஓடி முடிச்சா நேர்ச்ச முடிஞ்சுது. வருஷம் முச்சூடும் ஓடச் சொன்னேனா?

— ஓடிப் பழக வேண்டாமா? பழகாம எறங்குனா பாதி வழியில விழ வேண்டியதுதான்.

— பழகுனியோ. சரி. சிவராத்திரி கழிஞ்சுது. பொறவு எதுக்குன்னு கேட்டா, அடுத்த வருஷத்துக்குன்னியோ. பொறவு காலத்த ஒரு மட்டம், சாயங்காலம் ஒரு மட்டம். உங்களுக்க அம்மை வழியில போறவ வாறவ எல்லாருட்டயும் சொன்னாவ, எனக்க மவனுக்குச் சாமி அருளு வந்திருக்குன்னு. கோயிலுக்குன்னு ஓடுகவரத் தடுத்தா பாவம்லான்னு நானும் வாய மூடிட்டிருந்தேன். நீங்க குடிச்சிருந்தாக்கூட என்னை நாலு பேரு தேத்தியிருப்பாவ. ஓடுகவருக்கப் பெண்டாட்டியப் பாத்து எல்லாரும் சொன்னது என்ன தெரியுமா? குடுத்து வச்சவளாம்!

— அந்தக் காலம் போச்சுட்டி.

— எங்க போச்சு? எனக்க தம்பி கல்யாணத்துல தாலி கெட்டுக நேரத்துல எங்க இருந்தியோ?

— அது டயரு பஞ்சராகி...

— அஞ்சுகிராமம் ரோட்டுல ஓடிட்டிருந்தியோ! மண்டபத்து வாசல்ல பட்டு வேட்டி நனைஞ்சு ஒழுக வந்து நின்னியோ. மருமகனுக்கு நெஞ்சுவலின்னு எங்கம்மை போட்ட சத்தத்துல நாதஸ்வரமே நின்னு போச்சு. மழ பெஞ்சு ஓட முடியாத நாளு நீங்க எப்படி இருப்பியோன்னு உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்குள்ள அங்கயும் இங்கயும் நடப்பியோ. சோத்துல உப்பு போராது. ஃபேனு சத்தம் போடுகு. பிள்ள சிரிச்சா குத்தம். கடைக்கு வந்தவன் யூரியா கேட்டா பொட்டாசு அள்ளிக் குடுத்தியோ.

— தெரியும். அன்னைக்குத் தெரியல்ல. நின்ன பொறவுதான் தெரிஞ்சுது.

— நின்னியளா?

— நின்னேன் பிரியா! எத்தன மட்டம் சொல்லணும்?

— அம்மா! அம்மா! எனக்க பச்சைத் துண்டக் காணல்ல!

— இரு மக்கா, கொண்டு வாறேன்! ...கேட்டியளா? டிக்கிக்குள்ள கெடந்தது பிள்ளைக்கத் துண்டு. அதையும் எடுத்துட்டுப் போயி வேர்வ தொடச்சிருக்கியோ. நாணம் இல்லாத்த மனுசன்!

— கைக்குக் கிட்டினத எடுத்தேன்.

— அப்பம் வேர்த்துது!

— வேர்க்கதுக்கு ஓடணுமா?

— இருங்கோ, அவளுக்கு வேற துண்டு குடுத்துட்டு வாறேன். அதுக்குள்ள நல்ல ஒரு பொய்யா யோசிச்சு வைங்கோ. ...ஏட்டி அபி, இன்னா, பிடி! நல்லா தல தொவட்டு. ஜலதோஷம் பிடிக்கும். என்னட்டி கையி இப்பிடிக் குச்சியா இருக்கு! சரி சரி, கதவ அட.

— குடுத்தியா?

— குடுத்தேன். யோசிச்சாச்சா?

— பிரியா, இப்பிடி இரு. எனக்க பக்கத்துல இரு. நான் ஒண்ணு சொல்லட்டா? இந்த ஓட்டம் ஒருத்தரப் பிடிக்கது எப்பிடின்னு உனக்குத் தெரியாது. முதல்ல கொள்ளாம், நல்லா இருக்குன்னு தோணும். தல தெளிஞ்ச மாதிரி. பொறவு ஒரு நாளு ஓடல்லண்ணா ஏதோ களவு பண்ணுன மாதிரி நெஞ்சு அடிக்கும். பொறவு தின்னுக ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வரும், இன்னது தின்னேன், இன்னைக்கு இவ்வளவு ஓடுனாத்தான் தீரும்னு. பொறவு வலிச்சாலும் ஓடணும். வலிக்கத ஆருட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா நிப்பாட்டிப் போடுவாவல்லா?

— நீங்க என்னைக்குத் தின்னதுக்குக் கணக்குப் பாத்தியோ? ஓடிட்டு வந்தா ஒரு குத்திப் புட்டும் பயறும் பத்தாதுன்னு சட்டியச் சொரண்டுவியளே!

— பொதுவாச் சொன்னேன்.

— பொதுவா ஆரப் பத்தி?

— எல்லாரப் பத்தியும்தான். அதட்டி நிப்பாட்டிரலாம்னு நீ நெனைக்க. அதட்டுனா நிக்காது, கேட்டியா. ஒளிச்சுப் போவும். இருட்டுல தனியாப் போவும். கூடவே இருந்து, பைய, நாளுக்கு நாளு கொறச்சு...

— அப்பம் கொறச்சுக் கொறச்சு ஓடிட்டிருக்கியோ. அத முதல்லயே சொல்லுகதுக்கு என்ன?

— நான் அப்பிடிச் சொல்லல்ல.

— சரி. சாருக்குப் போன் போடுகேன்.

— எந்தச் சாருக்கு?

— டியூஷன் சாருக்கு. நீங்க அபியக் கொண்டு விட்டுட்டு எந்தப் பக்கம் போறியோன்னு அவரு கண்டிருப்பாருல்லா.

— வேண்டாம். போன வை.

— ஏன்?

— காலத்த அந்த மனுசனுக்கு நூறு வேல. போன வைன்னா வை பிரியா!

— இன்னா, வச்சாச்சு. நேத்தே போட்டாச்சு. வகுப்பு ஆறரைக்காம். நீங்க பிள்ளைய ஸ்கூட்டருல ஏத்திட்டு எறங்குகது அஞ்சு மணிக்கு. அம்புட்டு நேரமும் பிள்ள எங்க இருக்கா?

— என்னது... நீ சாருட்ட வேற என்ன கேட்ட?

— வேற என்ன கேக்க? பிள்ள எங்க இருக்கான்னு இப்பம் உங்ககிட்ட கேக்கேன். வயசுக்கு வந்த பிள்ளைய அடச்சுக் கெடக்க சாருக்க வீட்டு நடையில, இருட்டுல, ஒத்தைக்கு இருத்திட்டு ஓடப் போறியோ. அப்பிடித்தான? உங்களுக்கு ஒரு அப்பனுக்க நெஞ்சு உண்டா?

— அவள நான் ஒரு நிமிஷம் தனியா விடல்ல. இது மட்டும் சத்தியம்.

— உங்களுக்கச் சத்தியத்தக் கொண்டு அடுப்புல வைங்கோ.

— எனக்க கண்ணு முன்னாலதான் இருக்கா. வண்டி லைட்டு வெளிச்சத்துலதான் இருக்கா. எனக்குக் கண்ணு மூடுக வரைக்கும் அப்பிடித்தான்.

— ஓ! அப்பம் அவளையும் சானல் கரைக்குக் கொண்டு போறியோ. அவள வண்டிகிட்ட நிப்பாட்டி, லைட்டப் போட வச்சு, நீங்க ஓடுகியோ. ஆரும் வந்தா சொல்லுகதுக்குப் பிள்ள காவலு!

— பிரியா...

— அதாக்கும் பிள்ள கொஞ்ச நாளா எனக்கு முகங்குடுத்துப் பேசல்ல. நான் இப்பம்லா முடிச்சு அவுக்கேன்! அம்மைக்குத் தெரியக்கூடாது மக்கா, அப்பா ஓடுகத அம்மைட்ட சொல்லாதன்னு சொல்லி வச்சிருக்கியோ. மச்சுல ஏறி ஷூவ எடுத்துத் தந்ததும் அவதான். இந்தக் கால வச்சிட்டு நீங்க ஏணியில ஏற முடியுமா? அன்னைக்கு நான் சாக்க மேல வைக்கும்பமும் அவதான் ஏறி வாங்குனா. எடம் அவளுக்குத்தான் தெரியும்.

— அவள ஒண்ணும் சொல்லாத. அவளுக்க மேல ஒரு குத்தமும் இல்ல.

— அவளுக்க மேல குத்தம்னு நான் சொன்னேனா? அப்பனுக்கும் அம்மைக்கும் நடுவுல கெடந்து உருகிப் போறா எனக்க பிள்ள. சிக்குன்னு ஆயிட்டான்னு மாமிமாரு எல்லாரும் சொல்லும்பம் நானும் சிரிச்சிட்டு நின்னேன். இப்பம் கழுத்தெல்லு தெரியுகு. புட்டப் பிச்சுப் பிச்சு காக்காய்க்குப் போடுகா. பரீட்சப் பயம், பரீட்சப் பயம்னு நான் நெனச்சிட்டிருக்கேன். இதுல மாசம் வருகதும் வரல்ல...

— என்னது?

— ஒண்ணுமில்ல. பொம்பளக் காரியம்.

— என்ன வரல்ல? எப்பத்துலருந்து?

— கிறிஸ்மஸ் லீவுக்குப் பொறவு வரல்ல. அடுத்த தெரு நர்சு லீமாட்ட கேட்டேன். பத்தாங்கிளாஸு பிள்ளைகளுக்குப் படிப்பு டென்ஷன்ல இப்பிடி வரும், ஒரு டாக்டரம்மைட்ட காட்டுங்கோன்னா. பரீட்ச முடியட்டும்னு இருந்தேன்.

— ஏட்டி, நீ எங்கிட்ட ஏன் சொல்லல்ல!

— இதையெல்லாம் ஆம்பளகிட்ட ஆரு சொல்லுவா?

— எங்கிட்ட சொல்லணும்ட்டி! மத்த ஆருட்ட சொல்லல்லண்ணாலும் எங்கிட்ட சொல்லணும்! தெய்வமே... நான் கொறச்சுட்டு வருகேன், கொறஞ்சுட்டுதான் வருகுன்னு நெனச்சிட்டிருக்கேன்...

— எதுக்கு இப்பிடி வெப்ராளப்படுகியோ? சடார்னு எழும்பிட்டியளே. உக்காருங்கோ முதல்ல.

— இன்னைக்கே கொண்டு போவோம். சாயாவக் குடிச்சிட்டு எறங்கு. நாகர்கோயில்ல நல்ல டாக்டரம்மைட்ட போவோம். கடையத் தொறக்கல்ல நான். நானும் வாறேன். அந்த டாக்டரம்மைட்ட நான் சொல்ல வேண்டியது இருக்கு.

— பேச்ச மாத்தாதீங்கோ. ஷூவப் பத்திக் கேட்டா டாக்டருன்னு எழும்பி ஓடுகியோ. பிள்ளைய நான் காட்டிக்கிடுகேன். நாளைக்கு நான் அவளக் கூட்டிட்டு அஞ்சுகிராமம் போறேன்.

— எதுக்கு?

— எங்கம்மை வீட்டுல இருந்து பரீட்ச எழுதட்டும். காலத்த எழும்பி அப்பனுக்குக் காவலு நிக்க வேண்டாம்லா? சிவராத்திரி வேற வருகு. 'கோவிந்தா கோபாலா' சத்தம் கேட்டா உங்களுக்குக் காலு நிக்காது. கீறலு விட்ட எல்லு ஒடியும், பிளேட்டு வைக்கணும், காலு கட்டையாப் போவும்னு டாக்டரு எனக்க மூஞ்சியப் பாத்துதான் சொன்னாரு. அத நின்னு பாக்கதுக்கு எனக்குப் பெலன் இல்ல அத்தான்.

— அபிய அங்க கொண்டு போகாத. நீ போணும்னா போ. அவ இங்க இருக்கட்டும்.

— கொள்ளாமே!

— அங்க அவளுக்குப் பொறத்தால ஆரு போவா? உங்கம்மையால முடியுமா? வெளுக்கதுக்கு முன்ன அந்தப் பிள்ள எங்க போவும்னு ஆரு பாப்பா?

— எங்கம்மை வீட்டுல வெளுக்கதுக்கு முன்ன அவ எங்க போவா? போர்வைய மூடிட்டு ஒறங்குவா. உங்கள மாதிரி கிறுக்கா அவளுக்கு?

— பிரியா, ரெண்டு நாளு தா. ரெண்டே ரெண்டு நாளு. எல்லாம் சொல்லுகேன். ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அந்த வாக்க அவுத்துக்கிட்டு வாறேன்.

— ஆருக்கு வாக்கு?

— கேக்காத.

— பிள்ள தலையில வச்ச சத்தியத்த முறிச்சவரு இன்னொருத்தருக்கு வாக்குக் குடுத்தாராம்! அத்தான், எனக்கப் பக்கம் திரும்புங்கோ. நீங்க ஓடுனதுகூடப் பெருசு இல்ல. நான் சாருக்குப் போன் போடும்பமும், டிக்கியில மூக்க வச்சு நாய் மாதிரி மோந்து பாக்கும்பமும் எனக்க மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு. எனக்க மாப்பிளைய நான் இப்பிடி ஒளிஞ்சு பாக்க வேண்டியிருக்கேன்னு இருக்கு. பொய்யத்தான் பொறுக்க முடியல்ல. ஓடுனேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கோ. நான் எங்கயும் போகல்ல. பிள்ளையயும் கொண்டு போகல்ல. இந்த ஷூவக் கொண்டு வெந்நி அடுப்புல போடுவோம். அதோட தீந்துது. உள்ளதச் சொல்லுங்கோ.

— சொன்னா பிள்ளையக் கொண்டு போக மாட்ட?

— மாட்டேன்.

— டாக்டரம்மைட்ட இன்னைக்குப் போவோம்? நானும் வருவேன்?

— வாங்கோ. ஆரு வேண்டாம்னா?

— ஷூவ எரிச்சிரலாம்?

— எரிக்கத்தான் சொல்லுகேன்.

— ...ஆமா. ஓடுனேன்.

— அத்தான்...

— ஓடுனேன் பிரியா. நான்தான் ஓடுனேன். அபி ஒண்ணும் செய்யல்ல. என்னை ஏசு, எம்புட்டு வேணும்னாலும் ஏசு.

— இந்த ஒரு வார்த்தைக்கு எம்புட்டு நேரம் போராட வச்சியோ! பாருங்கோ, கண்ணீரு நிக்க மாட்டேங்கு. கோவம் இல்ல. நெஞ்சுலருந்து ஒரு பாறாங்கல்ல எடுத்து வச்ச மாதிரி இருக்கு. இனி நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். டிக்கியத் தொறக்க மாட்டேன்.

— அழாத. கொண்டா அந்த ஷூவ. நானே போடுகேன்.

— வேண்டாம், உங்களுக்குக் கையி வராது. நான் போடுகேன்.

— வரும். எனக்குத்தான் வரும். கொண்டா. சாக்ஸையும் கொண்டா. ஒண்ணும் மிச்சம் இருக்கப்பிடாது. அந்த வாட்ச்சு எங்க? எம்புட்டு ஓடுனோம்னு காட்டுகது?

— அது அபிக்கக் கையில கெடக்கு. டியூஷனுக்கு நேரம் பாக்கேன்னு வாங்கிக் கெட்டுனா. குளிக்கும்பமும் கழத்த மாட்டேங்கா. அது கெடந்துட்டுப் போட்டு.

— கெடக்கப்பிடாது. அதையும் எடுக்கணும்.

— இப்பம் சாமி வந்தவரு மாதிரி நிக்கியளே! சரி, எடுப்போம். முதல்ல இத வைங்கோ. பைய, கையச் சுட்டுராதீங்கோ. ஓல ஒண்ணு சேத்து வைங்கோ, ஈரமா இருக்குல்லா. ...பிடிச்சுட்டு. இன்னா, பொகையுகு.

— எரியட்டும்.

— ரப்பரு நாத்தம் ஊரக் கூட்டும். கூட்டட்டும். ஏட்டி அபி! குளிச்சாச்சா? ஓடி வா மக்கா. இன்னா பாரு, அப்பா எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டாரு. இனி நீ ஒண்ணையும் மறைக்க வேண்டாம். நாளைக்கு காலத்த நல்லா மூடிட்டு ஒறங்கு. இனி இந்த வீட்டுல ஓட்டமே கெடையாது!

— அய்யோ அம்மா, வெளிய எடு, எடு! ரெண்டு சாக்ஸு போட்டு இப்பந்தான் அப்பாக்க ஷூவு எனக்குக் காலுல கழலாம நிக்கத் தொடங்குச்சு... நாளைக்கு நான் எதப் போட்டுட்டு ஓடுவேன்?